வைரல் லோடு ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது? ஹெபடைடிஸ் சி சிகிச்சை முடித்த ஒரு கணக்கு டீச்சரின் குறிப்புகள்

2023 ஜனவரியில் வலது கண்ணில் புரை அறுவைக்கு நாள் குறித்திருந்தார்கள். அறுவைக்கு முன்னால் எல்லோருக்கும் எடுப்பது போல எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை, பிரஷர், ஈ.சி.ஜி. எல்லாம் சரியாக இருந்தன. ஒரே ஒரு வரியில் மட்டும் ‘ஆன்டி ஹெச்.சி.வி. – ரியாக்டிவ்’ என்று அச்சாகியிருந்தது. ஹெச்.சி.வி. என்றால் கல்லீரலைத் தாக்குகிற ஹெபடைடிஸ் சி வைரஸ். கல்லீரல் டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள், அப்புறம் கண்ணைப் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

திருநெல்வேலிப் பக்கம் 33 வருஷம் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். உடம்பில் ஒரு தொந்தரவும் கிடையாது. மஞ்சள் காமாலை வந்ததாக ஞாபகமே இல்லை. டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். ஊசி, பல் பிடுங்கியது, பச்சை குத்தியது, அறுவை, ரத்தம் ஏற்றியது என்று கேட்டபோதுதான் நினைவு வந்தது. 1988-இல் மூத்தவன் பிறந்தபோது ரத்தப்போக்கு நிற்காமல் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். “அப்படி வந்திருக்கலாம்மா. இந்த வைரஸையே 1989-இல்தான் கண்டுபிடித்தார்கள். உங்களுக்கு ரத்தம் கொடுத்தபோது பரிசோதிக்க வழியே கிடையாது” என்றார். அந்த ரத்தம்தான் அன்றைக்கு என் உயிரைக் காப்பாற்றியது. யார் மேலும் எனக்கு வருத்தம் வரவில்லை. ஆனால் 1991-இல் பிறந்த மகளை நினைத்துத்தான் பயந்தேன். தாயிடமிருந்து குழந்தைக்குப் போகிற வாய்ப்பு நூற்றில் ஐந்து ஆறுதான் என்று டாக்டர் சொன்னார். இருந்தாலும் அவளுக்குச் சோதனை செய்து ‘நெகட்டிவ்’ என்று வரும்வரை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கணவருக்கும் நெகட்டிவ்தான்.

சிகிச்சை 12 வாரம். மாத்திரை விழுங்குவதில் ஒரு கஷ்டமும் இல்லை. என்னை அழ வைத்தது ரிப்போர்ட்தான். அதைப் படிக்கத் தெரியாததால் நான் பட்ட பாடு இன்னொருவர் படக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து முடிவுகள் எல்லாம் உங்கள் டாக்டருடையவை. தாளில் இருக்கிற எண்ணை எப்படிப் படிப்பது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில், எந்த டெஸ்ட் என்று பாருங்கள்

சி கிருமிக்கு இரண்டு வகை ரத்தச் சோதனை உண்டு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

ஒன்று ஆன்டிபாடி. கண் ஆஸ்பத்திரியில் எனக்கு எடுத்தது அதுதான். கிருமி என்றைக்கோ உடம்புக்குள் வந்தது, உடம்பு அதை எதிர்த்து நின்றது என்பதற்கு அடையாளம். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு மாதிரி. பதிவேட்டில் பெயர் இருப்பதால் பையன் இன்றைக்கும் வகுப்பில் இருக்கிறான் என்று அர்த்தமில்லை. படிப்பை முடித்துப் போயிருக்கலாம். சி கிருமி தொற்றியவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வாக்கில், ஆறு மாதத்துக்குள் மருந்தே இல்லாமல் தானாகக் குணமாகிறார்கள். அவர்களுக்கும் ஆன்டிபாடி ‘ரியாக்டிவ்’ என்றுதான் வரும்.

இன்னொன்று வைரல் லோடு. ‘ஹெச்.சி.வி. ஆர்.என்.ஏ. குவாண்டிடேட்டிவ்’ என்றோ ‘ஆர்.டி.-பி.சி.ஆர்.’ என்றோ போட்டிருப்பார்கள். வகுப்புக்குள் போய்த் தலையை எண்ணுவது இதுதான். ரத்தத்தில் கிருமியின் மரபுப்பொருள் இன்றைக்கு இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு என்று சொல்லும். சிகிச்சை தேவையா, சிகிச்சை பலித்ததா என்ற இரண்டு கேள்விக்கும் பதில் இந்தச் சோதனையில்தான் இருக்கிறது. ‘குவாலிடேட்டிவ்’ என்று போட்டிருந்தால் இருக்கு, இல்லை என்பதோடு நின்றுவிடும், எண் இருக்காது. ‘ஜீனோடைப்’ என்பது எந்த வகைக் கிருமி என்று பார்ப்பது. இந்தியாவில் 3-ஆம் வகை அதிகம், அடுத்தது 1. இப்போதைய மருந்துகள் எல்லா வகைக்கும் கேட்பதால் பலருக்கு அந்த டெஸ்டே எடுப்பதில்லை.

வைரல் லோடுக்கு வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. ஊதா மூடி போட்ட குழாயில் ரத்தம் எடுப்பார்கள். மெஷின் இல்லாத ஊர்களில் பிளாஸ்மாவைப் பிரித்து, குளிர் பெட்டியில் வைத்துப் பெரிய லேபுக்கு அனுப்புகிறார்கள். ரிப்போர்ட் வர சில நாள் ஆகும். தாமதமாவதால் எதுவும் மோசமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

அந்த எண்

என் முதல் ரிப்போர்ட்டில் இப்படி இருந்தது: 1.84E+06 ஐ.யு./மி.லி.

மகன் பெங்களூரில் இருக்கிறான். போட்டோ எடுத்து அனுப்பினேன். “வெறும் 1.84 தானம்மா, ரொம்பக் கம்மி” என்று சந்தோஷப்பட்டான். அவன் என்ஜினியர்தான், ஆனால் அவசரத்தில் பின்னால் இருந்த எழுத்தைக் கவனிக்கவில்லை. E+06 என்றால், முன்னால் இருக்கிற எண்ணை ஆறு பூஜ்யம் கொண்ட எண்ணால் பெருக்க வேண்டும். 1.84 பெருக்கல் 10,00,000. அதாவது 18,40,000. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் பதினெட்டு லட்சத்து நாற்பதாயிரம் யூனிட்.

நம் கணக்கில் வைத்துக்கொள்ள எளிய வழி இருக்கிறது. E+03 இருந்தால் ஆயிரம், E+04 பத்தாயிரம், E+05 லட்சம், E+06 பத்து லட்சம், E+07 கோடி. E+01 என்றால் வெறும் பத்து. இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஃபைலில் ஒட்டி வையுங்கள்.

பதினெட்டு லட்சம் என்றதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகத்தான் தலையசைத்தார். சி கிருமி இருக்கிற ஒருவர் உடம்பில் ஒரு நாளைக்கு லட்சம் கோடி புதுக் கிருமிகள் உண்டாகின்றன என்றார். ரத்தத்தில் இருப்பவற்றில் பாதி மூன்று மணி நேரத்துக்குள் அழிந்து, அந்த இடத்துக்குப் புதியவை வந்துகொண்டே இருக்கும். அதனால் லட்சக் கணக்கில், சில சமயம் கோடிக் கணக்கில்கூட எண் வருவது வழக்கம்தான்.

அப்புறம் அவர் சொன்னதுதான் முக்கியம். சி கிருமியைப் பொறுத்தவரை, எண் பெரிதாக இருந்தால் கல்லீரல் அதிகம் கெட்டிருக்கிறது என்று அர்த்தமே இல்லை.

இதை நான் கண்ணால் பார்த்தேன். அதே ஆஸ்பத்திரியில் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து தறி ஓட்டுகிற ஒரு தம்பி வருவார். நாற்பத்தெட்டு வயது. வரிசையில் உட்கார்ந்து பேசிப் பேசிப் பழக்கம். அவருடைய வைரல் லோடு 62,000தான். என்னோடு ஒப்பிட்டால் முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும். “எனக்குக் கொஞ்சம்தான் டீச்சர்” என்று தெம்பாக இருந்தார். கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கிற ஃபைப்ரோஸ்கேன் எடுத்தார்கள். எனக்கு 6.1 வந்தது, பெரிதாகத் தழும்பில்லை என்றார்கள். அவருக்கு 19 வந்தது. 12.5-க்கு மேல் போனாலே சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பு விழுந்து இறுகிப்போகிற நிலை, இருக்கலாம் என்று பார்ப்பார்கள். ரத்தத் தட்டணுக்களும் அவருக்கு எண்பதாயிரத்துச் சொச்சம்தான்.

ஆகவே கல்லீரல் எந்த நிலையில் இருக்கிறது என்பதை வைரல் லோடு தாளில் தேடாதீர்கள். அதற்கு ஃபைப்ரோஸ்கேன் இருக்கிறது, தட்டணு, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்கிற கல்லீரல் நொதிகள், இவற்றை வைத்துப் போடுகிற கணக்கு இருக்கிறது. வயிற்று ஸ்கேன் இருக்கிறது. பக்கத்து நாற்காலிக்காரருடைய எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டு வருத்தமும் வேண்டாம், நிம்மதியும் வேண்டாம்.

லாக் என்று இன்னொரு எண் இருக்கும்

ஐ.யு. எண்ணுக்குக் கீழே ‘லாக் 6.26’ என்று போட்டிருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் எதற்கு இது என்று விழித்தார்கள். எனக்கு மட்டும் பழைய சிநேகிதியைப் பார்த்த மாதிரி இருந்தது. மடக்கை! அட்டவணைப் புத்தகத்தைப் புரட்டி எத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

மடக்கை தெரியாதவர்களுக்கும் இது கஷ்டமில்லை. புள்ளிக்கு முன்னால் இருக்கிற எண், E+ பக்கத்தில் இருக்கிற எண்ணேதான். லாக் 6 என்றால் பத்து லட்சம், லாக் 5 என்றால் ஒரு லட்சம், லாக் 4 என்றால் பத்தாயிரம். தறித் தம்பியுடைய 62,000, லாக்கில் 4.79. ஒரு லாக் குறைந்தால் கிருமி பத்தில் ஒரு பங்காகிவிட்டது. இரண்டு லாக் குறைந்தால் நூற்றில் ஒன்று. மூன்று என்றால் ஆயிரத்தில் ஒன்று.

புள்ளிக்குப் பின்னால் இருப்பதற்கு ஒன்றே ஒன்றை ஞாபகம் வைத்தால் போதும். லாக் 2 என்பது 0.3010, என்னிடம் படித்த பிள்ளைகள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். அதனால் லாக்கில் 0.3 மாறினால், எண் இரட்டித்திருக்கிறது அல்லது பாதியாகியிருக்கிறது. 0.5 மாறினால் மூன்று மடங்குச் சொச்சம்.

இது எங்கே உதவும் என்றால், மருந்து தொடங்குவதற்கு முன்னால் இரண்டு தடவை டெஸ்ட் எடுத்தவர்கள் படுகிற பயத்தில் உதவும். டிசம்பரில் ஒன்பது லட்சம், பிப்ரவரியில் பதினெட்டு லட்சம், ஐயோ இரட்டித்துவிட்டதே என்று ஓடிவருவார்கள். லாக்கில் பார்த்தால் 5.95, 6.26. வித்தியாசம் 0.3தான். சிகிச்சை இல்லாத உடம்பில் இந்தக் கிருமி இப்படித்தான் ஏறி இறங்கும், மெஷினிலும் கொஞ்சம் முன்பின் இருக்கும். அரை லாக் வரையிலான மாற்றத்தை மாற்றமாகவே எடுத்துக்கொள்வதில்லை. லாக் என்ற எண்ணை அச்சடிப்பதே, பெரிய எண் மிரட்டுவதற்கு இடம் கொடுக்காமல் இருக்கத்தான் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

யூனிட்டையும் ஒரு பார்வை பாருங்கள். ஐ.யு. என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட அளவு. அபூர்வமாக ‘காப்பிஸ்/மி.லி.’ என்று வரலாம். இரண்டும் ஒன்றில்லை. ஒன்றை இன்னொன்றாக மாற்றுகிற விகிதம் மெஷினுக்கு மெஷின் மாறும். அதனால் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடாமல் லேபில் கேளுங்கள். கூடுமான வரை முதல் டெஸ்டும் கடைசி டெஸ்டும் ஒரே லேபில் இருந்தால் நல்லது.

நான்காவது வாரம்: நான் அழுத ரிப்போர்ட்

எனக்குச் சிரோசிஸ் இல்லாததால் சோஃபோஸ்புவிர் 400, டக்ளாடாஸ்விர் 60 என்று இரண்டு மாத்திரை, 12 வாரம். தறித் தம்பிக்கு சோஃபோஸ்புவிரும் வெல்படாஸ்விரும் சேர்ந்த மாத்திரை, அதுவும் 12 வாரம். 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் மருந்தும் டெஸ்டும் இலவசம். இது தெரியாமல் கடன் வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் முதலில் போய்க் கேளுங்கள்.

2023 மார்ச் 6, திங்கட்கிழமை முதல் மாத்திரை. நாலு வாரம் முடிந்ததும், வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. டாக்டர் எழுதித் தரவில்லை. நானாகவே ஒரு தனியார் லேபில் காசு கட்டி எடுத்தேன். இரவு ஒன்பதரை மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்தது: ‘ஹெச்.சி.வி. ஆர்.என்.ஏ. டிடெக்டட், <1.50E+01’.

‘டிடெக்டட்’ என்ற ஒரு சொல்தான் கண்ணில் பட்டது. கிருமி இருக்கிறது! ஒரு மாதம் மருந்து சாப்பிட்டும் இருக்கிறது! போனில் தேடினேன். நான்காவது வாரத்தில் கிருமி மறைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் குணமாவது கடினம். பன்னிரண்டாவது வாரத்துக்குள் இரண்டு லாக் குறையாவிட்டால் மருந்தை நிறுத்திவிட வேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தது. விடியும்வரை தூங்கவில்லை.

மறுநாள் டாக்டரிடம் நீட்டினேன். அவர் படித்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். “இது நல்ல ரிப்போர்ட் டீச்சர். நீங்கள் படித்தது ஊசி காலத்துக் கணக்கு” என்றார். முன்பெல்லாம் இண்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும் 24 வாரம், 48 வாரம் என்று கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு அது கேட்காது, பக்கவிளைவும் கடுமை. அதனால் நாலு, பன்னிரண்டு வாரங்களில் வைரல் லோடு பார்த்து, பலிக்காது என்று தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள். இப்போதைய மாத்திரைகளுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. இவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணமாகிறார்கள். நாலாவது வாரத்தில் துளி மிச்சம் இருந்தவர்களும் அப்படியே குணமாகிறார்கள். பழைய பக்கங்கள் அழியாமல் இணையத்தில் கிடக்கின்றன; படித்தால் எந்த மருந்தைப் பற்றிச் சொல்கிறது என்று முதலில் பாருங்கள். ஊசி என்று இருந்தால் மூடிவிடுங்கள்.

சரி, அந்த வரிக்கு என்னதான் பொருள்? 1.50E+01 என்றால் 15. அதற்கு முன்னால் இருக்கிற குறிக்கு ‘இதற்கும் கீழே’ என்று பொருள். மளிகைக் கடை மின் தராசில் ஒரு கடுகைப் போட்டுப் பாருங்கள். ஏதோ விழுந்தது என்று எண் ஒரு துடிப்புத் துடிக்கும், ஆனால் எடை காட்டாது. ‘டிடெக்டட், <15’ என்பது அந்தத் துடிப்பு. மெஷினுக்கு ஏதோ தட்டுப்பட்டது, ஆனால் எண்ணிச் சொல்கிற அளவுக்கு இல்லை. அது உயிருள்ள கிருமியாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அழிந்த கிருமியின் துணுக்காகவும் இருக்கலாம். ‘டார்கெட் நாட் டிடெக்டட்’ என்று வந்தால் துடிப்பே இல்லை. இந்த எல்லை மெஷினைப் பொறுத்து 10, 12, 15, 25 என்று மாறும், சில சிறிய மெஷின்களில் இன்னும் அதிகம். ரிப்போர்ட்டின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். பூஜ்யம் என்று எந்த மெஷினும் அச்சடிக்காது, அதைத் தேட வேண்டாம்.

பதினெட்டு லட்சத்திலிருந்து பதினைந்துக்குக் கீழே. லாக்கில் 6.26-இலிருந்து 1.18-க்கும் கீழே. ஐந்து லாக். லட்சத்தில் ஒரு பங்கு! கணக்கு டீச்சரான எனக்கு அந்த இரவில் இந்தக் கழித்தலைப் போடத் தோன்றவில்லை. பயம் வந்தால் அப்படித்தான்.

எஸ்.ஜி.பி.டி.யும் 78-இலிருந்து 24-க்கு வந்திருந்தது. கல்லீரல் ஆறத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், டாக்டர் கேட்காமல் நடுவில் வைரல் லோடு எடுக்காதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு அது தேவைப்படுவதில்லை. நடுவில் வருகிற எண் சிகிச்சையை மாற்றப் போவதில்லை, தூக்கத்தைத்தான் கெடுக்கும். ஏதோ காரணத்துக்காக டாக்டரே எழுதிக் கொடுத்து, எண் குறையாமல் நின்றாலோ குறைந்து திரும்ப ஏறினாலோ, அவர் முதலில் கேட்கப்போவது மாத்திரையைத் தவறவிட்டீர்களா, வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதுதான். வலிப்பு மாத்திரைகள் சில, டி.பி.க்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசின், இவை இந்த மருந்துகளை வேலை செய்ய விடாது. வெல்படாஸ்விர் சாப்பிடுகிறவர்களுக்கு நெஞ்செரிச்சல் மாத்திரைகூட அதன் பலத்தைக் குறைக்கும். தறித் தம்பி வெறும் வயிற்றில் தினம் ஒன்று போட்டுக்கொண்டிருந்தார், டாக்டர் பார்த்து நிறுத்தினார். இதயத் துடிப்புக்கு அமியோடரோன் சாப்பிடுகிறவர்கள் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும், சோஃபோஸ்புவிரோடு சேர்ந்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும். எனக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்க ஆட்கள் வந்தார்கள். அன்புக்கு நன்றி சொல்லி, இந்த மூன்று மாதம் மாத்திரை மட்டும்தான் என்று சொல்லிவிட்டேன்.

‘இல்லை’ என்று வந்ததும் நிறுத்தாதீர்கள்

தறித் தம்பி எனக்குப் பின்னால் மருந்து தொடங்கியவர். தன்னுடைய எட்டாவது வாரத்தில் போன் செய்தார். யாரோ சொல்லி அவரும் வெளியில் டெஸ்ட் எடுத்திருக்கிறார். டார்கெட் நாட் டிடெக்டட். “கிருமி போயிருச்சே டீச்சர். மாத்திரை சாப்பிட்டா தலைவலிக்கு. நிப்பாட்டிரலாம்லா?”

எனக்குப் பகீர் என்றது. ரத்தத்தில் இல்லையென்றால் கல்லீரல் செல்லுக்குள்ளும் இல்லை என்று ஆகாது. மெஷின் பார்ப்பது ஊதா மூடிக் குழாயில் இருக்கிற ரத்தத்தை மட்டும்தான். மருந்து கிருமியைப் பெருக விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. பிடியைப் பாதியில் விட்டால், மிச்சம் இருக்கிற கொஞ்சம் மறுபடியும் லட்சக் கணக்காகப் பெருகிவிடும். ஒரு நாளைக்கு லட்சம் கோடி என்று டாக்டர் சொன்னதை அவருக்குச் சொன்னேன். பாதியில் விட்டு மறுபடி வருகிற கிருமிக்கு அதே மருந்து கேட்காமலும் போகலாம். “தம்பி, டப்பாவைக் காலி பண்ணிட்டுத்தான் பேசணும்” என்றேன். நல்ல மனிதர், கேட்டுக்கொண்டார்.

ஒரு டப்பாவில் 28 மாத்திரை, மூன்று டப்பா, 84 நாள். காலண்டரில் ஒவ்வொரு நாளும் பேனாவால் அடித்துக்கொண்டே வந்தேன். மே 28-இல் எனக்கு முடிந்தது.

முக்கியமான டெஸ்ட் கடைசியில்தான்

மருந்து முடிகிற அன்று ‘நாட் டிடெக்டட்’ வந்தால் சந்தோஷப்படலாம், ஆனால் குணமாகிவிட்டது என்று எழுதித் தர மாட்டார்கள். மருந்து உடம்பில் இருக்கும்போது கிருமி அடங்கித்தான் இருக்கும். மருந்தின் துணையே இல்லாமல் 12 வாரம் கழித்தும் தலை காட்டவில்லை என்றால்தான் குணம். டாக்டர்கள் இதை ‘எஸ்.வி.ஆர். 12’ என்பார்கள்.

இந்த 12 வாரத்தைப் பலர் தப்பாக எண்ணுகிறார்கள். மருந்து தொடங்கிய நாளிலிருந்து இல்லை, கடைசி மாத்திரை விழுங்கிய நாளிலிருந்து. எனக்குக் கடைசி மாத்திரை மே 28. அதோடு 84 நாள் கூட்டினால் ஆகஸ்ட் 20, ஞாயிற்றுக்கிழமை. 21-ஆம் தேதி திங்கட்கிழமை ரத்தம் கொடுத்தேன். ஒரு வாரம், ஒரு மாதம் பிந்திக் கொடுத்தாலும் பரவாயில்லை. முந்திக் கொடுக்காதீர்கள். ரிப்போர்ட்டில் இரண்டு தேதி இருக்கும். ரத்தம் எடுத்த தேதியைத்தான் பார்க்க வேண்டும், அச்சடித்த தேதியை இல்லை.

உடம்பு நன்றாக இருக்கிறதே என்று இந்த டெஸ்டுக்கு வராமல் விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர் என்று அங்கே நர்ஸ் வருத்தப்பட்டார். எல்லாப் பாடத்தையும் படித்துவிட்டுப் பரீட்சை எழுதாமல் வீட்டுக்குப் போகிற பிள்ளையை என்ன சொல்வது! கைப்பேசியில் அந்தத் தேதியை இன்றைக்கே போட்டு வையுங்கள். முடிந்தால் மகனோ மருமகளோ ஒருவர் கைப்பேசியிலும் போடச் சொல்லுங்கள்.

அன்றைக்கு ‘டார்கெட் நாட் டிடெக்டட்’ என்று வந்துவிட்டால், அப்புறம் அந்தக் கிருமி தானாகத் திரும்பி வருவது மிக மிக அபூர்வம். ஹெபடைடிஸ் பி வைரஸ் போல செல்லின் உட்கருவுக்குள் போய் ஒளிந்துகொள்கிற குணம் இதற்கு இல்லை, அதனால்தான் முழுக் குணம் சாத்தியமாகிறது. ‘டிடெக்டட், <15’ என்று வந்தால் பதறாமல் சில வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். ஆயிரம், லட்சம் என்று எண்ணே வந்தால், மருந்து பலிக்கவில்லை அல்லது கிருமி புதிதாக மறுபடி தொற்றியிருக்கிறது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் ஊசி பகிர்ந்துகொள்பவர்களுக்கும் மறு தொற்றுக்கு வாய்ப்பு உண்டு. ஒரு தடவை வந்து போனதால் பாதுகாப்பு கிடைத்துவிடாது. அப்படி வந்தாலும் வேறு மருந்துச் சேர்க்கை இருக்கிறது, கைவிடப்பட்டதாக நினைக்காதீர்கள்.

எனக்கு ஆகஸ்ட் 26-இல் ரிப்போர்ட் கிடைத்தது. இந்தத் தடவை முதலில் பெயர், அப்புறம் ரத்தம் எடுத்த தேதி, அப்புறம் டெஸ்டின் பெயர், கடைசியாகத்தான் முடிவைப் படித்தேன். நாட் டிடெக்டட். பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே மகளுக்குப் போன் செய்தேன். அவளும் அழுதாள், நானும் அழுதேன்.

அந்த ரிப்போர்ட்டை மூன்று நகல் எடுத்து வைத்திருக்கிறேன். ஏனென்றால், குணமான பிறகும் ஆன்டிபாடி ‘ரியாக்டிவ்’ என்றுதான் வரும், வருஷக் கணக்காக. பதிவேட்டிலிருந்து பெயர் அழியாது. செப்டம்பரில் வலது கண்ணுக்கும் டிசம்பரில் இடது கண்ணுக்கும் அறுவைக்குப் போனபோது, இரண்டு தடவையும் அதே ‘ரியாக்டிவ்’. இரண்டு தடவையும் வைரல் லோடு ரிப்போர்ட்டை நீட்டினேன், புரிந்துகொண்டார்கள். இனிமேல் நோய் இருக்கிறதா என்று தெரிய ஆன்டிபாடி எனக்கு உதவாது. தேவைப்பட்டால் வைரல் லோடுதான். ரத்த தானம் மட்டும் இனிச் செய்ய முடியாது.

தறித் தம்பிக்கு நவம்பரில் ரிப்போர்ட் வந்தது. போனில் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார். “டார்கெட்... நாட்... டிடெக்டட்.” ரத்தம் எடுத்த தேதி என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். சொன்னார். கடைசி மாத்திரையிலிருந்து எண்ணிப் பார்த்தோம், 89 நாள். “அப்ப சரியாப் போச்சா டீச்சர்?” கிருமி போய்விட்டது என்றேன். ஆனால் அவருக்குச் சிரோசிஸ் இருந்தது. தழும்பு விழுந்த கல்லீரலில் புற்றுநோய் வருகிற வாய்ப்பு குறையுமே தவிர, முழுக்கப் போகாது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று டாக்டர் அவர் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். அடுத்த ஸ்கேன் எந்த மாதம் என்று கேட்டேன். மே என்றார். என் காலண்டரிலும் குறித்துக்கொண்டேன்.